பொருட்டல்லாத விலக்குகள்

வருஷத்துக்கு ஒருமுறை அந்த மின்னஞ்சல் வரும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சி, முடிக்க வேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஆபீஸில் யாரும் இவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. போஷ் டிரெய்னிங், அவ்வளவுதான். 40 ஸ்லைடு, நடுநடுவே கார்ட்டூன் மனிதர்கள், கடைசியில் 10 கேள்வி. ஒவ்வொரு ஸ்லைடும் ஓடி முடிந்தால்தான் ‘அடுத்து’ பொத்தான் வேலை செய்யும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம், அந்தப் பொத்தானைத் தானாகவே அழுத்துகிற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். மொத்தமே 12 வரி. ஓடவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது சான்றிதழ் தயாராக இருக்கும். டீமில் ஏழெட்டுப் பேர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதே வருஷம் ஒருநாள், டெஸ்டிங் டீமில் இருந்த ஒரு பெண் பேன்ட்ரியில் என்னிடம் வந்தாள். காபி மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அண்ணா, இந்த கமிட்டி இருக்குல்ல, அதுக்கு வெண்டர் பேரோல்ல இருக்கவங்க போகலாமா? இல்ல கம்பெனி எம்ப்ளாயிக்கு மட்டும்தானா?”

எனக்குத் தெரியவில்லை. என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. “தெரியலம்மா, உங்க வெண்டர் எச்.ஆர். கிட்ட கேட்டுப் பாரேன்” என்றேன். சரிண்ணா என்று போய்விட்டாள். இரண்டு மாதத்தில் வேறு வேலைக்கும் போய்விட்டாள். அவள் கேட்டதற்கான பதில் நான் 12 வரியில் தாண்டிப்போன ஸ்லைடுகளில் ஏதாவது ஒன்றில் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சட்டத்தில் இருந்தது. அதைப் படிக்க எனக்கு அதற்கப்புறம் பல வருஷங்கள் ஆயிற்று.

*

2013ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தை முதன்முறை திறந்தபோது, நான் தேடியது ‘ஊழியர்’ என்பதற்கான விளக்கத்தை. அதற்குப் போகும் முன்பே முகப்புரையில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. பெண்களுக்கு எதிரான அனைத்து வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை இந்திய அரசு 1993 ஜூன் 25 அன்று ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று அதில் இருந்தது. உலகமெல்லாம் அதன் சுருக்கப்பெயரில் சீடா என்கிறார்கள். ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் கோட் போட்டவர்கள் பேசும் சமாச்சாரம் சோழிங்கநல்லூர் கம்பெனியின் புகார்க் குழுவுக்குள் எப்படி வந்தது?

தேதியைச் சரிபார்க்கலாம் என்று ஐ.நா. ஒப்பந்தப் பதிவேட்டைப் பார்த்தேன். அங்கே 1993 ஜூலை 9 என்று இருக்கிறது. முதலில் யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஒப்பந்தங்களில், ஒரு நாடு ஏற்பதாகத் தன் வீட்டுக்குள் முடிவெடுப்பது ஒன்று, அந்தப் பத்திரத்தை ஐ.நா.விடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொன்று. நம்ம பாஷையில் சொன்னால் கமிட் பண்ணிய தேதியும் புஷ் பண்ணிய தேதியும். 2006இல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஜூலை 9 இருக்கிறது, 1997இன் தீர்ப்பில் ஜூன் 25 இருக்கிறது. இரண்டுக்கும் பின்னால் வருகிறேன்.

இந்த மாதிரி ஒப்பந்தத்தில் அரசு இரண்டு படி ஏறவேண்டும். முதலில் கையெழுத்து, அதாவது இந்தத் திசையில் போக விருப்பம் என்று சொல்வது. பிறகு ஏற்புறுதி, அதாவது கட்டுப்படுகிறேன் என்பது. இந்தியா கையெழுத்திட்டது 1980 ஜூலை 30. ஏற்புறுதிக்கு 1993. நடுவில் 13 வருஷம். இதிலே ஒரு வேடிக்கை. ஐ.நா.வின் இரண்டாவது உலகப் பெண்கள் மாநாடு கோபன்ஹேகனில் 1980 ஜூலை 14 முதல் 30 வரை நடந்தது. ஜூலை 17 அன்று கையெழுத்துக்கென்றே விழா வைத்து, அன்று ஒரே நாளில் 64 நாடுகள் போட்டன. இந்தியா போட்டது மாநாட்டின் கடைசி நாள். ஏற்புறுதிக்குச் சொல்லப்படும் ஜூன் 25ஆம் தேதியும் வியன்னாவில் நடந்த உலக மனித உரிமை மாநாட்டின் கடைசி நாள்தான். தற்செயலாகவே இருக்கட்டும். ரிலீஸுக்கு முந்தின ராத்திரி வரை எதையும் தொடாத டீம்களோடு வேலை பார்த்தவன் என்பதால் எனக்குச் சிரிப்பு வந்தது.

அரசு தாமதித்தது என்பதற்காக இந்தியாவுக்கும் இந்தச் சிந்தனைக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிடாது. ‘இதெல்லாம் வெள்ளைக்காரன் நம்ம மேல திணிக்கிறது’ என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுவதால் இதைச் சொல்கிறேன். 1947–48இல் உலக மனித உரிமைப் பிரகடனம் எழுதப்பட்டபோது, முதல் பிரிவு ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படும் சொல்லோடு தொடங்கியது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் எல்லாரையும் குறிக்கும் என்று எலினோர் ரூஸ்வெல்ட்டே சமாதானம் சொன்னார். இந்தியாவின் பிரதிநிதி ஹன்ஸா மேத்தா விடவில்லை. பல நாடுகளில் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு பெண்களை வெளியே வைப்பார்கள் என்றார். ‘எல்லா மனிதர்களும்’ என்று மாறியது. அதே 1948இல், முகப்புரையில் ‘ஆண் பெண் சம உரிமை’ என்ற சொற்கள் இருக்கவேண்டும் என்று பொதுச்சபையின் மூன்றாம் குழுவில் வாதாடியவர் இன்னொரு இந்தியப் பிரதிநிதி லட்சுமி மேனன். ஒரே ஒரு சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவார்களா என்று கேட்பவர்கள் ஒருமுறையாவது ஒரு சொல்லால் வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். ‘ஊழியர்’ என்பதும் அப்படி ஒரு சொல்தானே.

ஐ.நா. பொதுச்சபையில் சீடா உடன்படிக்கை 1979 டிசம்பர் 18 அன்று நிறைவேறியது. ஆதரவு 130, எதிர்ப்பு இல்லை, 10 நாடுகள் வாக்களிக்கவில்லை. மொத்தம் 30 பிரிவுகள். இந்தியாவில் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், 1974இன் முடிவில், பெண்கள் நிலை குறித்த குழு தன் அறிக்கையைக் கொடுத்திருந்தது. ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற தலைப்பு. ஃபுல்ரேணு குஹா தலைவர், வீணா மஜும்தார் உறுப்பினர்-செயலர். சுதந்திரம் வந்தது, அரசமைப்பு வந்தது, எல்லாம் சரியாகப் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தவர்களை அது உலுக்கியது. 1901இல் 1000 ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த நாட்டில் 1971இல் 930. படித்த ஆய்வாளர்களே தங்களுக்கு இது தெரியாமல் போனதற்கு வெட்கப்பட்டார்கள். அடுத்த 20 வருஷம் அரசை நெருக்கிய பெண்கள் இயக்கங்களுக்கு அந்த அறிக்கைதான் கையில் இருந்த ஆதாரம்.

*

ஜெய்ப்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் பட்டேரி என்ற கிராமம். பன்வாரி தேவி அங்கே மண்பாண்டம் செய்யும் கும்ஹார் சாதிக் குடும்பத்தில் வாழ்ந்தவர். ராஜஸ்தான் அரசு 1984இல் பெண்கள் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, ஊருக்கு ஒரு பெண்ணை ‘சாத்தின்’ என்று நியமித்தது. சாத்தின் என்றால் தோழி. 1985இல் பன்வாரி தேவியும் சாத்தின் ஆனார். நிலம், தண்ணீர், கூலி, ரேஷன், பெண்குழந்தைகளின் படிப்பு என்று எது வந்தாலும் அவர் வீடு வீடாகப் போய்ப் பேசவேண்டும். அரசு வேலைதான், ஆனால் அரசு ஊழியர் இல்லை. மாதம் சிறு தொகை மதிப்பூதியம். வேலை வாங்கும்போது அரசின் கை, கணக்குப் பார்க்கும்போது தன்னார்வலர். கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? பேரோல் யார் பேரில் என்ற கேள்வி சாஃப்ட்வேர் கம்பெனியில் பிறந்ததில்லை.

1992இல் மாநில அரசு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் இயக்கத்தை நடத்தியது. அங்கே ஆக்கா தீஜ் நாளில் குழந்தைத் திருமணங்கள் கூட்டம் கூட்டமாக நடக்கும். ஆக்கா தீஜ் வேறொன்றுமில்லை, நம்மூர் நகைக்கடை வாசலில் காலையிலிருந்தே வரிசை நிற்கும் அட்சய திருதியைதான். பட்டேரியில் செல்வாக்குள்ள ஒரு குஜ்ஜர் குடும்பத்தில் 9 மாதக் குழந்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பன்வாரி போய்ப் பேசிப் பார்த்தார். கேட்கவில்லை. போலீஸ் வந்தது. பகலில் நின்ற கல்யாணம் அடுத்த நாள் விடிவதற்குள் நடந்து முடிந்தது. குடும்பத்துக்கு எந்தத் தண்டனையும் இல்லை. ஊர் தண்டித்தது பன்வாரியை. அவர் வீட்டுப் பானைகளை வாங்குவதை நிறுத்தினார்கள், பால் கொடுப்பதை நிறுத்தினார்கள்.

1992 செப்டம்பர் 22 சாயங்காலம் கணவரோடு வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது 5 பேர் வந்தார்கள். கணவரை அடித்துப் பிடித்துவைத்துக்கொண்டு பன்வாரியை வல்லுறவு செய்தார்கள். இதற்கு அப்புறம் நடந்தவைதான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. மருத்துவப் பரிசோதனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளித் தள்ளி இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. 24 மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டிய தடயம். போலீஸ் நிலையத்தில் அவருடைய பாவாடையைத் தடயமாகக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கணவரின் ரத்தக்கறை படிந்த தலைப்பாகைத் துணியைச் சுற்றிக்கொண்டு அந்த இரவில் அவர் வெளியே வந்தார்.

வழக்கு ஒரு நீதிபதியிடமிருந்து இன்னொரு நீதிபதிக்கு மாறிக்கொண்டே இருந்தது. 1995 நவம்பரில் வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து 5 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். மேல்சாதி ஆண் கீழ்சாதிப் பெண்ணைத் தொடமாட்டான், சித்தப்பன் பெரியப்பன் முறையுள்ளவர் பையன் முன்னால் இப்படிச் செய்யமாட்டார் என்ற ரீதியில் போயின காரணங்கள். மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் கிடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலர் அதற்குள் இறந்தும் போனார்கள். பன்வாரி தேவி பட்டேரியிலேயே இருந்தார். அதைத்தான் என்னால் முழுதாகப் புரிந்துகொள்ள முடியவில்லை. அதே ஊர், அதே தெரு, எதிரே அதே முகங்கள்.

*

பன்வாரியின் குற்றவியல் வழக்கு ஒரு பக்கம் தேய்ந்துகொண்டிருக்க, விசாகா உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் 1992இலேயே உச்ச நீதிமன்றத்துக்கு வேறொரு கேள்வியோடு போயின. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த வேலையின் காரணமாக ஏற்படும் ஆபத்துக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பில்லையா? அந்தக் கேள்விக்கு அன்றைய இந்தியச் சட்டத்தில் பதில் கிடையாது. ‘பணியிடப் பாலியல் துன்புறுத்தல்’ என்று ஒரு குற்றத்தை எந்தச் சட்டமும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

1997 ஆகஸ்ட் 13 அன்று தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா, நீதிபதிகள் சுஜாதா மனோகர், பி.என். கிர்பால். நான் அதைப் படித்தது ஒரு சனிக்கிழமை. சில பக்கங்களில் முடிந்துவிட்டது. பன்வாரி தேவியின் பெயர் அதில் இல்லை. ராஜஸ்தானின் ஒரு கிராமத்தில் ஒரு சமூக சேவகிக்கு நேர்ந்ததாகச் சொல்லப்படும் சம்பவம்தான் உடனடிக் காரணம் என்று ஒரு வரி, அவ்வளவுதான். மற்றதெல்லாம் காகிதத்தைப் பற்றியது. சட்டம் தெரியாத எனக்கு அதில் வியப்பாக இருந்தது அதன் கட்டுமானம்.

இந்தியாவில் அரசு ஓர் உடன்படிக்கையை ஏற்றுவிட்டது என்பதாலேயே அது சட்டம் ஆகிவிடாது, நாடாளுமன்றம் சட்டம் இயற்றவேண்டும். இயற்றவில்லை. நீதிபதிகள் இப்படிப் போனார்கள்: அரசமைப்பில் சமத்துவமும் தொழில் செய்யும் உரிமையும் கண்ணியத்தோடு வாழும் உரிமையும் இருக்கின்றன. இந்த விஷயத்தில் உள்நாட்டுச் சட்டம் எதுவும் இல்லாததால் முரண்பாட்டுக்கும் இடமில்லை. அப்படியானால் அந்த உரிமைகளுக்குப் பொருள் சொல்ல, அரசே ஒப்புக்கொண்ட சர்வதேச உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளலாம். சீடாவின் 11ஆம் பிரிவு வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. துன்புறுத்தல் என்ற சொல் மூல உடன்படிக்கையில் எங்குமே இல்லை. ஆனால் அதைக் கண்காணிக்கும் 23 நிபுணர்கள் கொண்ட குழு, தன் 19ஆம் பொதுப் பரிந்துரையில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலும் பாகுபாடுதான் என்று விளக்கியிருந்தது. அந்தப் பரிந்துரை வந்த வருஷம் 1992. பட்டேரி நடந்த அதே வருஷம்.

நீதிமன்றம் இன்னொன்றையும் எடுத்துக் காட்டியது. 1995இல் பெய்ஜிங் பெண்கள் மாநாட்டில் பெண்களுக்கான தேசியக் கொள்கை கொண்டுவருவோம், கண்காணிக்க அமைப்பு வைப்போம் என்று இந்திய அரசு அதிகாரபூர்வமாக உறுதி சொல்லியிருந்தது. மேடையில் கைதட்டலுக்காகச் சொன்னதாகவே இருக்கட்டும், சொன்னது எழுத்தில் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து நீதிபதிகள் அதைத் தீர்ப்பில் ஒட்டினார்கள். புகார்க் குழு, அதற்குப் பெண் தலைவர், பாதிக்குக் குறையாமல் பெண் உறுப்பினர்கள், வெளி ஆள் ஒருவர் என்று நெறிகளை வகுத்து, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை இதுவே சட்டம் என்றார்கள். நாடாளுமன்றத்துக்கு அதற்கு 16 வருஷம் ஆயிற்று. 2010இல் வந்த மசோதா வீட்டுவேலை செய்யும் பெண்களை வெளியே விட்டிருந்தது. இயக்கங்கள் கத்திக் கத்தித்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள்.

‘அரசாங்கம் பின்பற்றப் போவதில்லை, அப்புறம் எதுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிப் போராடணும்?’ என்று என் நண்பன் ஒருவன் கேட்பான். நானும் கேட்டிருக்கிறேன். 1993இல் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு பட்டேரி என்ற ஊர் இருப்பதே தெரிந்திருக்காது. பன்வாரி தேவியும் 11ஆம் பிரிவைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்தக் காகிதம் பதிவேட்டில் இல்லாமல் போயிருந்தால் 1997இல் அந்த மூன்று நீதிபதிகள் எதைப் பிடித்துக்கொண்டு ஏறியிருப்பார்கள்?

*

இத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை. தீர்ப்பில் ஒரு சின்ன வாக்கியம் உண்டு. இந்தியா இந்த உடன்படிக்கையைச் சில விலக்குகளோடு ஏற்றது, அவை இப்போதைய சூழலுக்குப் பொருட்டல்ல என்பது அதன் சாரம். அலுவலகம் சார்ந்த வழக்கு என்று பார்த்தால் அது சரி. ஆனால் அந்த விலக்குகள் என்னவென்று பதிவேட்டில் போய்ப் பாருங்கள்.

இரண்டு அறிவிக்கைகள், ஒரு விலக்கு. விலக்கு, நாடுகளுக்கிடையே தகராறு வந்தால் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போவது பற்றியது, அதை விடுவோம். முதல் அறிவிக்கை 5(அ), 16(1) பிரிவுகளைப் பற்றியது. 5(அ) பெண்ணைத் தாழ்த்தும் வழக்கங்களையும் மனப்போக்குகளையும் மாற்ற அரசு முயலவேண்டும் என்கிறது. 16(1) திருமணத்திலும் குடும்பத்திலும் சமத்துவம் பற்றியது. இவற்றை, எந்தச் சமூகத்தின் சொந்த விவகாரத்திலும் அந்தச் சமூகமே முன்வந்து ஒப்புக்கொள்ளாமல் தலையிடுவதில்லை என்ற தன் கொள்கைக்கு உட்பட்டே நிறைவேற்றுவோம் என்கிறது இந்தியா. இரண்டாவது அறிவிக்கை 16(2) பற்றியது. அந்தப் பிரிவு குழந்தைத் திருமணம் சட்டப்படி செல்லாது, எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிவு செய்யவேண்டும் என்கிறது. பதிவைக் கொள்கையளவில் ஆதரிக்கிறோம், ஆனால் இத்தனை வழக்கங்களும் மதங்களும் எழுத்தறிவு நிலைகளும் உள்ள பெரிய நாட்டில் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்கிறது நம் அறிவிக்கை.

பன்வாரி தேவி எதற்காகத் தாக்கப்பட்டார்? 9 மாதக் குழந்தையின் கல்யாணத்தைத் தடுத்ததற்காக. 5(அ) அரசிடம் கேட்கிற வேலையைத்தான் ஓர் அரசுத் திட்டத்தின் பேரில் அவர் செய்துகொண்டிருந்தார். அவர் தாக்கப்பட்டு 10 மாதம் ஆகுமுன், அதே நாட்டு அரசு ஐ.நா.வுக்குக் கொடுத்த பத்திரத்தில், சமூகம் ஒப்புக்கொள்ளாமல் தலையிடமாட்டோம் என்று எழுதியது. பட்டேரியில் ‘சமூகம்’ என்று யாரைக் கேட்டிருப்பார்கள்? அலுவலகப் பெண்களுக்கு அந்தத் தீர்ப்பால் ஒரு பாதுகாப்பு வந்தது, என் கம்பெனிக்கு ஒரு கமிட்டி வந்தது, எனக்கு 40 ஸ்லைடு வந்தது. அந்தக் குழந்தையின் விஷயம் பொருட்டல்லாத விலக்குகளுக்குள் போய்விட்டது.

முதல் அறிவிக்கைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரு வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். சிறுபான்மையினரின் குடும்பச் சட்டத்தில் அரசு கைவைக்கும்போது அது பெண்களுக்காகத்தானா, இல்லை வேறு கணக்குக்காகவா என்ற பயம் நியாயமானது. ஷா பானு வழக்குக்கு அப்புறம் இந்த நாட்டில் அந்தப் பயத்தை எல்லாக் கட்சிகளும் பயன்படுத்தியிருக்கின்றன. ஆனால் அறிவிக்கையின் வாசகம் சிறுபான்மையைச் சொல்லவில்லை, ‘எந்தச் சமூகமும்’ என்கிறது. பட்டேரியின் குஜ்ஜர் பஞ்சாயத்தும் அதற்குள் வரும், நம்மூர்ச் சாதிச் சங்கமும் வரும்.

இரண்டாவது அறிவிக்கைக்கு அந்த அளவு நியாயம்கூட இன்று இல்லை. 2006 பிப்ரவரியில் சீமா எதிர் அஸ்வனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா மதத்தினரின் திருமணங்களையும் கட்டாயம் பதிவு செய்ய வழிவகை செய்யுமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஜூலை 9 தேதி வருவது இந்தத் தீர்ப்பில்தான், இந்தியாவின் அறிவிக்கைகளையும் அது குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டில் 2009இல் பதிவுச் சட்டமே வந்துவிட்டது. என் கல்யாணத்துக்கு மண்டபத்து ரசீது, பத்திரிகை, போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தோம். அலுப்பாக இருந்தது, நடைமுறைக்கு ஒத்துவராததாக இல்லை. ஐ.நா. பதிவேட்டில் மட்டும் இந்தியாவின் அந்த வாக்கியம் அப்படியே கிடக்கிறது. கோடு மாறி, அதன் மேல் எழுதிய பழைய கமெண்ட் மாறாமல் நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதை அழிக்க ஒரு கடிதம் போதும். சீடா குழு இந்தியாவின் அறிக்கைகளை 2000, 2007, 2014 ஆகிய ஆண்டுகளில் பரிசீலித்து, அறிவிக்கைகளைத் திரும்பப் பெறச் சொல்லிப் பார்த்துவிட்டது.

குழந்தைத் திருமணத்தின் கதி இன்னும் மோசம். 2006ஆம் ஆண்டின் தடைச் சட்டத்தின்படி கல்யாணம் செய்துவைத்தவர்களுக்குத் தண்டனை உண்டு, ஆனால் அந்தக் கல்யாணம் பொதுவாகச் செல்லும். அந்தக் குழந்தை வளர்ந்து, மேஜரான 2 வருஷத்துக்குள் நீதிமன்றம் போய்க் கேட்டால்தான் ரத்தாகும். 9 மாதத்தில் கட்டிவைக்கப்பட்ட பெண், 20 வயதுக்குள், அந்த வீட்டிலிருந்துகொண்டே வக்கீல் பிடிக்கவேண்டும். கர்நாடகம் தன் திருத்தத்தில் இப்படிப்பட்ட திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று மாற்றியிருக்கிறது. 16(2) கேட்பது அதைத்தான்.

*

இன்னொரு கதவையும் இந்தியா திறக்கவே இல்லை. 1999இல் சீடாவுக்கு ஒரு விருப்ப நெறிமுறை சேர்க்கப்பட்டது. அதில் சேர்ந்த நாட்டின் பெண், உள்ளூர் நீதிமன்றங்கள் எல்லாம் கைவிட்ட பிறகு, நேரடியாகக் குழுவிடம் முறையிடலாம். 100க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துவிட்டன. பங்களாதேஷ், நேபாளம், மாலத்தீவு, இலங்கை எல்லாம் உண்டு. அடிப்பதற்கு லத்தி ஒன்றும் அந்தக் குழுவிடம் இல்லை, சொல்ல மட்டும்தான் முடியும். அப்படியிருந்தும் நம் அரசு தயங்குகிறது என்றால் சொல்லுக்கு ஏதோ எடை இருக்கத்தான் செய்கிறது.

இலங்கை 2002இல் அதில் சேர்ந்தது. அங்கே தண்டனைச் சட்டத்தின் 365அ பிரிவு, முதலில் ஆண்களுக்கிடையிலான உறவை மட்டுமே குற்றமாக்கியது. 1995இல் ‘ஆண்’ என்பதை ‘நபர்’ என்று திருத்தினார்கள். ஹன்ஸா மேத்தா சண்டை போட்ட அதே மாதிரியான சொல்மாற்றம், விளைவுதான் தலைகீழ். பெண்களும் குற்றவாளிகள் ஆனார்கள். செயல்பாட்டாளர் ரோசன்னா ஃப்ளேமர்-கல்தேரா சீடா குழுவிடம் போனார். 2022இல் குழு அவர் பக்கம் நின்று, அந்தச் சட்டம் உடன்படிக்கையை மீறுகிறது என்றது. அடுத்த ஆண்டு அந்தப் பிரிவை மாற்றும் மசோதா அரசமைப்புக்கு முரணானதில்லை என்று இலங்கை உச்ச நீதிமன்றமும் சொன்னது. சட்டத்தை மாற்றும் வேலை நாடாளுமன்றத்திடம் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஒருத்திக்கு இருக்கிற அந்த வழி, ராமநாதபுரத்தில் இருக்கிறவளுக்கு இல்லை.

அமெரிக்கா 1980 ஜூலை 17இல் கையெழுத்திட்டு இன்றுவரை ஏற்புறுதி தரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும், இல்லையென்றால் ஏதோ நாம் மட்டும்தான் என்று தோன்றும். செனட் குழு 1994இலும் 2002இலும் பரிந்துரைத்தும் செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. அலுத்துப்போன சான் பிரான்சிஸ்கோ பெண்கள், நாடு ஏற்காவிட்டால் பரவாயில்லை, நகரம் ஏற்கட்டும் என்று 1998இல் தங்கள் நகரத்துக்கே அதை உள்ளூர்ச் சட்டமாக்க வைத்தார்கள். இந்தக் குறுக்குவழி எனக்கு ரொம்பப் பிடித்தது.

இப்போது கேட்கவேண்டிய இன்னொரு கையெழுத்து, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை. 2019இல் வந்தது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. வேலை உலகில் வன்முறையும் துன்புறுத்தலும் பற்றியது. நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர், பயிற்சியில் இருப்பவர், வேலை தேடிப்போனவர், வேலை போனவர் என்று எல்லாரையும் பெயர் சொல்லி உள்ளே வைக்கிறது. வேலைக்குப் போய்வரும் வழியையும் சேர்க்கிறது. திண்டுக்கல்லில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலைபார்த்த தலித் இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட பிறகு, பெண்களே நடத்தும் தமிழ்நாடு ஜவுளித் தொழிற்சங்கம் விடாமல் நின்று, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தையும் எச் அண்ட் எம் நிறுவனத்தையும் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவைத்தது. மேற்பார்வையாளரைப் பற்றித் தொழிலாளியே பயமில்லாமல் புகார் சொல்ல வழி, பழிவாங்கத் தடை எல்லாம் அதில் உண்டு. அரசு போடாத கையெழுத்தை முதலாளியிடம் வாங்கியிருக்கிறார்கள்.

*

சட்டத்தில் நான் தேடிப்போன இடம் 2ஆம் பிரிவில் இருந்தது. ஊழியர் என்றால் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தினக்கூலிக்கோ, நேரடியாகவோ ஒப்பந்ததாரர் மூலமாகவோ, முதன்மை முதலாளிக்குத் தெரிந்தோ தெரியாமலோ, சம்பளத்துக்கோ சம்பளமில்லாமலோ, தன்னார்வமாகவோ வேலை பார்ப்பவர். தன்னார்வமாகவோ என்பதைப் படித்தபோது சாத்தின்களை நினைத்துக்கொண்டேன். ஒப்பந்ததாரர் மூலமாகவோ என்பதைப் படித்தபோது காபி மெஷினை. போகலாம், தாராளமாகப் போகலாம் என்பதுதான் பதில். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். அவள் என்னைக் கேட்டபோது அந்தக் கெடுவில் எத்தனை நாள் மிச்சமிருந்ததோ.

2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், சட்டம் வந்து இத்தனை வருஷமாகியும் பல இடங்களில் குழுவே அமைக்கவில்லை என்று வருந்தி, எல்லா அமைப்புகளையும் கணக்கெடுக்கச் சொன்னது. அதற்கப்புறம் வந்த போஷ் டிரெய்னிங்கை முதல்முறையாக ஸ்கிரிப்ட் இல்லாமல் உட்கார்ந்து பார்த்தேன். 17ஆம் ஸ்லைடில் ‘யார் புகார் அளிக்கலாம்?’ என்று இருந்தது. கீழே, ‘எங்கள் நிறுவனத்தின் எந்தப் பெண் ஊழியரும்’. கார்ட்டூன் பெண் கழுத்தில் நீலப் பட்டை அடையாள அட்டை. எங்கள் ஆபீஸில் வெண்டர் ஆட்களுக்குப் பச்சைப் பட்டை.

எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டேன். 2ஆம் பிரிவை அப்படியே ஒட்டி, ஒப்பந்த ஊழியர், பயிற்சியாளர், ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள், கேன்டீனில் வேலைசெய்பவர்கள் என்று தெளிவாகப் போடச் சொல்லிக் கேட்டேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. நல்ல யோசனை, ஆனால் இந்த வருஷத்து மாட்யூல் ஃப்ரீஸ் ஆகிவிட்டது, அடுத்த வெர்ஷனில் பார்க்கிறோம். ஜனவரியில் மறுபடி ஞாபகப்படுத்த காலண்டரில் குறித்துவைத்திருக்கிறேன். பச்சைப் பட்டைக்காரர்களுக்கு அந்த டிரெய்னிங் மெயில் வருவதே இல்லை என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. அதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.